காட்டைக் காப்பாற்ற வருகிறவர்களுக்கு விதிமுறை எதற்கு?

கேள்வி: எங்கள் மலைப்பகுதிக்கு வெளிநாட்டு நிதியில் காடு பாதுகாப்புத் திட்டம் ஒன்று வரப்போகிறது. கூட்டம் போட்டு 'சுற்றுச்சூழல், சமூகப் பாதுகாப்பு விதிமுறைகள்' என்று அரை மணி நேரம் பேசினார்கள். அணை கட்டுகிறவர்களுக்கும் சுரங்கம் தோண்டுகிறவர்களுக்கும் இதெல்லாம் சரி. காட்டைக் காப்பாற்ற வருகிறவர்களுக்கு எதற்கு?
- ஈரோடு மாவட்ட வாசகர்

பதில்: உங்களுக்குப் பக்கத்து மலையையே பாருங்கள். சத்தியமங்கலம் காட்டை ஒட்டி, கர்நாடகப் பக்கம் இருக்கிறது பிலிகிரி ரங்கன் மலை. அங்கே வாழும் சோளகர்கள் தரையில் கிடக்கும் சருகுக்குப் பருவம் பார்த்துச் சின்னதாகத் தீ வைப்பார்கள். 'தரகு பெங்கி', அதாவது சருகு நெருப்பு என்று அதற்குப் பெயர். 1974-ல் அந்த மலை சரணாலயம் ஆனது, காட்டுக்குள் அங்கங்கே இருந்தவர்களை ஓரிடத்துக்குக் கொண்டுவந்து குடியேற்றினார்கள், தீ வைப்பதற்கும் தடை வந்தது. தடுத்தவர்கள் காட்டுக்கு நல்லது என்று நினைத்துத்தான் தடுத்தார்கள். அப்புறம் உண்ணிச்செடி மலை முழுக்கப் புதராக மண்டி, புல்லும் மரக்கன்றும் வர இடமில்லாமல் போனது. சருகு நெருப்பு நின்றதும் இதற்கு ஒரு காரணம் என்று சோளகர்கள் சொல்கிறார்கள், அங்கே பல வருடம் வேலை செய்த ஆய்வாளர்களும் அதை ஒதுக்கிவிடவில்லை. எல்லைக்கோடு போடும் முன்பே அவர்களை உட்கார வைத்துக் கேட்டிருந்தால் மனிதர்களுக்கு மட்டுமா, காட்டுக்கும் நல்லதாக இருந்திருக்கும்!

இன்னொன்று. ஊரைவிட்டுக் கிளப்பினால்தான் பாதிப்பு என்று நினைக்கிறோம். அதே மலையில் 2006-ல் தேன், நெல்லிக்காய், மரப்பாசி எடுத்து விற்கத் தடை வந்தது. யாரையும் வீட்டைவிட்டு வெளியேற்றவில்லை, வருமானம் மட்டும் போய்விட்டது. உலக வங்கி தன் பணத்தில் நடக்கும் திட்டங்களுக்கு வைத்திருக்கும் விதிமுறைகள் இதையும் இழப்பாகவே கணக்கில் எடுக்கின்றன: காப்பகம் என்று சொல்லி ஒருவர் வழக்கமாகப் போய்வந்த காட்டை அடைத்தால், அவரோடு கலந்து பேசி, பிழைப்புக்கு வழி செய்த பிறகுதான் அடைக்க வேண்டும். சோளகர்களுக்கு 2011-ல் வன உரிமைச் சட்டப்படி சமூக உரிமை, அதாவது ஊராகச் சேர்ந்து காட்டைப் பயன்படுத்தும் உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகத்துக்குள் அப்படிக் கிடைத்தது நாட்டிலேயே அதுதான் முதல் முறை.

விதிமுறை காகிதத்தில் இருந்தால் போதாது, மீறினால் போய்ச் சொல்ல ஓர் இடம் வேண்டும். தான்சானியாவில் ருவாஹா தேசியப் பூங்காவை விரிவாக்கியபோது, வெளியேற்றமும் வனக்காவலர்களின் வன்முறையும் நடப்பதாக அங்குள்ள மக்கள் 2023-ல் உலக வங்கியின் புகார்க் குழுவிடம் போனார்கள். அந்தப் பூங்காவையும் சேர்த்து உலக வங்கியின் 15 கோடி டாலர் நிதியில் நடந்துகொண்டிருந்த சுற்றுலாத் திட்டம் அது. 2024 ஏப்ரலில் பணம் நிறுத்தப்பட்டது, நவம்பரில் திட்டமே ரத்தானது. அதனால் அடுத்த கூட்டத்தில், புகாரை யாரிடம் கொடுப்பது, திட்டத்தை நடத்துகிறவர்களிடமே கொடுக்க வேண்டுமா, பதில் எத்தனை நாளில் வரும், அதெல்லாம் தமிழில் அச்சடித்துத் தருவார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: புலிகள் காப்பகத்தைவிட்டு வெளியே வரும் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் தருகிறார்களே, அது போதாதா?
- நீலகிரி வாசகர்

பதில்: முன்பு 10 லட்சமாக இருந்து உயர்த்திய தொகை அது. போதுமா என்று கேட்பதற்கு முன்னால், எது முதலில் நடந்தது என்று பார்க்க வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2006-ல் சேர்த்த 38வி பிரிவுப்படி, முதலில் அவர்களுடைய வன உரிமைகளை முடிவு செய்ய வேண்டும், அப்புறம் கிராம சபையும் அந்தக் குடும்பங்களும் விவரம் தெரிந்து சம்மதிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் இடமாற்றம். உரிமை மனு அலுவலகத்தில் தூங்கும்போது நீட்டுகிற காசோலையை விருப்பத்தோடு வாங்கினார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. உங்கள் பக்கத்தில் யாராவது அப்படி வெளியே வந்திருந்தால், கிராம சபைத் தீர்மானத்தின் நகலை வாங்கி, அதிலுள்ள தேதியையும் பணம் கொடுத்த தேதியையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.