கே பார் என்றால் என்ன? ஒரு மதுக்கடையை ஏன் இவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்கள்?

தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் ஒளியாமல் கூடும் மதுக்கூடம்தான் கே பார். காரைக்குடிப் பக்கத்து ஆட்களுக்குக் கிட்டங்கி என்றால் சட்டென்று புரியும். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரே கூடத்தில் ஆளுக்கொரு பெட்டி, ஒரு பாய், பொதுச் சமையல் என்று நம் நகரத்தார் ஆட்கள் வட்டிக்கடை நடத்திய இடம். கப்பலில் வந்து இறங்கியவர் அங்கே நுழைந்துவிட்டால் தான் யாரென்று விளக்க வேண்டியதில்லை. கட்டடம் போய்விட்டது, பேச்சு போகவில்லை. எங்கள் ஐயாவின் பெட்டி இன்னும் எங்கள் வீட்டு வளவில் இருக்கிறது.

கே பாரும் அப்படித்தான், ஆனால் ஆபத்து அதிகம். 1960களில் நியூயார்க்கில் தன்பாலீர்ப்பாளருக்கு ஊற்றிக் கொடுத்தால் உரிமம் போய்விடும் என்று கடைக்காரர்கள் பயந்தார்கள். அதனால் மாஃபியா நடத்திய, உரிமமில்லாத ‘ஸ்டோன்வால் இன்’ என்ற மதுக்கூடம் மாதிரி இடங்கள்தான் மிச்சம். அங்கே மது ஊற்றும் மேடைக்குப் பின்னால் குழாய்த் தண்ணீர்கூட இல்லை, குடித்த கிளாஸைத் தொட்டித் தண்ணீரில் முக்கியெடுத்து அடுத்தவருக்குக் கொடுத்தார்கள், ஆனாலும் இரண்டு ஆண்கள் சேர்ந்து ஆட முடிந்தது, அதற்காகவே வந்தார்கள். 1969 ஜூன் 28 அதிகாலையில் போலீஸ் நுழைந்தபோது எதிர்த்து நின்றார்கள். 2016இல் அது தேசிய நினைவிடமானது.

இந்த எதிர்ப்பெல்லாம் ஸ்டோன்வாலில்தான் தொடங்கியது என்று பலர் நினைப்பது தவறு: 1966லேயே சான்ஃபிரான்சிஸ்கோவின் காம்ப்டன்ஸ் கஃபேட்டீரியாவில் திருநங்கைகள் போலீஸை எதிர்த்தார்கள், அது மதுக்கடைகூட இல்லை, இரவு முழுக்கத் திறந்திருந்த சாப்பாட்டுக்கடை.