மைனஸ் 52 டிகிரியில் உடையும் வால்வு

வணக்கம் அண்ணா. பனி உடைக்கும் சரக்குக் கப்பலின் மேல்தள வால்வுக்காக உங்கள் கணபதி வார்ப்பகத்தில் வார்த்த டபிள்யூசிபி (சாதாரண கார்பன் வார்ப்பெஃகு ரகம்), மைனஸ் 52 டிகிரி மோதல் சோதனையில், அதாவது குளிர்வித்த துண்டைச் சுத்தியலால் அடித்துப் பார்க்கும் சோதனையில், உடைந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். உடையத்தான் செய்யும்; அந்த ரகத்துக்கு எல்லையே மைனஸ் 29 தான். மணலையும் உலைக்காரரையும் திட்டாதீர்கள்.

உடைந்த முகத்தைப் பாருங்கள். சர்க்கரைப் பரல்போல் மினுங்கினால் நொறுங்கும் உடைவு. மங்கி, நார்நாராக இருந்தால் எஃகு இழுபட்டுத் தாங்கியிருக்கிறது.

குளிருக்கென்றே உள்ள கார்பன் எஃகு ரகமான எல்சிபியும் போதாது, அதன் சோதனை மைனஸ் 46-ஓடு நின்றுவிடும். 2 முதல் 3 சதவீதம் நிக்கல் சேர்ந்த எல்சி2 எடுங்கள். மைனஸ் 73-இல் சோதிக்கப்படும் ரகம். நிக்கல் விலை கையைக் கடிக்கும், மேற்கோள் விலையை இப்போதே திருத்திவிடுங்கள்.

மைனஸ் 52 கேட்பதில் வாங்குபவர் மிகைப்படுத்தவில்லை. ரஷ்ய ஆர்க்டிக்கின் யமாலிலிருந்து எரிவாயு ஏற்றும் 299 மீட்டர் நீளக் கப்பல்களே மைனஸ் 52-க்கு வடிவமைக்கப்பட்டவைதான். சோதனைத் துண்டையும் வால்வுக்கு உருக்கிய அதே உலோகத்தில் வார்த்து, வால்வோடு சேர்த்தே வெப்பப் பதப்படுத்துங்கள்.