இலக்கு வைத்தால் பத்தே நாளில் கைவிட்டுவிடுகிறேன். சுய ஒழுக்கத்தை எப்படி வளர்த்துக்கொள்வது?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இதுதான். ஒரு வேலைக்கான தேர்வுக்குத் தினமும் இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும், காலை ஐந்து மணிக்கு எழ வேண்டும், உடற்பயிற்சி செய்ய வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் தொடங்குகிறீர்கள். எட்டு, பத்து நாள் நன்றாகப் போகிறது. ஒரு நாள் தவறுகிறது. அதோடு மூன்றும் நின்றுவிடுகின்றன. கடைசியில், "எனக்கு மனவுறுதி போதாது என்று நினைக்கிறேன்" என்று முடித்திருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரியை மட்டும் நான் ஏற்கவில்லை. அதே வரியை நான்கு வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக முதுகலை படித்தேன். பாடத் தேர்வுகள் எல்லாம் முடிந்துவிட்டன, ஆய்வேடு மட்டும் பாக்கி. ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் புது நோட்டு, புது அட்டவணை. முதல் வாரம் நள்ளிரவு வரை உட்காருவேன். இரண்டாம் வாரம் அலுவலகத்தில் ஏதாவது நெருக்கடி வரும், இரண்டு நாள் விடுபடும். மூன்றாம் நாள் ஃபைலைத் திறக்கவே மனசு வராது. திறந்தால் விட்ட நாட்களின் பாக்கியும் சேர்ந்து கண்முன் வந்து நிற்கும். ஆரம்ப சூரத்தனம் என்று சொல்வார்களே, அது எப்படி முடிகிறது என்பதை அத்தனை முறை பார்த்திருக்கிறேன்.

பின்னால்தான் தெரிந்தது, இது எனக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 1994இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த 37 மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். சரி, எல்லாமே மோசமாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்குச் சுமார் 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது ஏறக்குறைய 55 நாள். மோசமான நிலையை நினைத்துச் சொன்ன கணக்கைக்கூடத் தாண்டிவிட்டது. டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979லேயே இந்தக் கோளாறுக்குத் திட்டமிடல் பிழை என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதாவது, அட்டவணை போடும்போது நம் கண்ணுக்குத் தெரிவது ஒரு நல்ல நாள் மட்டும்தான். தலைவலி வரும் நாள், விருந்தாளி வரும் நாள், மேலாளர் மாலை ஆறு மணிக்குக் கூப்பிடும் நாள் எல்லாம் அந்தக் கட்டங்களுக்குள் இருப்பதில்லை. இரண்டு மணி நேரம் என்ற உங்கள் கணக்கும் அப்படிப்பட்ட ஒரு நல்ல நாளைப் பார்த்துப் போட்டதாகத்தான் இருக்கும்.

என் விஷயத்தில் மாற்றம் வந்தது நான்காவது வருடம். வழிகாட்டிப் பேராசிரியரைப் போய்ப் பார்த்து, "இந்த முறை கண்டிப்பா முடிச்சிடுவேன் மேடம், அடுத்த மாசம் ரெண்டு அத்தியாயம் அனுப்பறேன்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "அத்தியாயம் எல்லாம் வேண்டாம்ப்பா. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு பத்தி அனுப்புங்க. நல்லா இல்லாட்டியும் பரவாயில்லை, ஒரே ஒரு பத்தி" என்றார்.

எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. இவ்வளவு சின்ன வேலையைக் கொடுக்கிறாரே என்று. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை பத்தி போய்ச் சேர்ந்தது. அடுத்த வெள்ளிக்கிழமையும் போய்ச் சேர்ந்தது. எவ்வளவு மோசமான வாரமாக இருந்தாலும் ஒரு பத்தி எழுதிவிட முடிந்தது. நல்ல வாரங்களில் நான்கு பக்கம் வரும், அது வேறு கதை.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிப்பது இதைத்தான். இலக்கு எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் இருக்கட்டும், அன்றாடப் பங்கு மட்டும் நம் மிக மோசமான நாளிலும் செய்துமுடிக்கக்கூடிய அளவில் இருக்க வேண்டும். எட்வின் லாக், கேரி லேதம் என்ற இரண்டு உளவியலாளர்கள் பல பத்தாண்டுகளாக இலக்குகளைப் பற்றி ஆராய்ந்தவர்கள். 'முடிந்ததைச் செய்' என்று சொல்லிவிடுவதைவிட, தெளிவான, கொஞ்சம் கடினமான இலக்கு கொடுத்தால் மனிதர்கள் அதிகம் செய்கிறார்கள் என்று அவர்கள் திரும்பத் திரும்பக் கண்டார்கள். அதனால் தேர்வில் ஜெயிக்க வேண்டும் என்ற பெரிய இலக்கைக் குறைத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் அவர்களே கூடச் சொல்லும் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று தெரிந்துகொண்டே போனால்தான் இலக்கு வேலை செய்யும். எனக்கு அந்த வெள்ளிக்கிழமைப் பத்திதான் மைல்கல். அது இல்லாத நான்கு வருடமும் இலக்கு சுவரில் ஒட்டிய காகிதமாகவே இருந்தது.

அப்புறம், எப்போது, எங்கே என்ற கேள்வி. 'தினமும் படிப்பேன்' என்பது ஆசை. 'இரவு சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும், மேசையில் உட்கார்ந்து, நேற்று விட்ட கணக்கிலிருந்து தொடங்குவேன்' என்பது ஏற்பாடு. 'இது நடந்தால் அதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பதைப் பற்றி பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் நிறைய ஆராய்ந்திருக்கிறார். இது சம்பந்தமான 94 ஆய்வுகளை அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் தொகுத்துப் பார்த்தபோது, வெறுமனே இலக்கு வைத்திருந்தவர்களைவிட இப்படி முடிச்சுப் போட்டவர்கள் தெளிவாகவே முன்னால் இருந்தார்கள். தட்டைக் கழுவிய அந்த நிமிடத்தில் படிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்க எதுவும் மிச்சமில்லை. முடிவை முன்பே எடுத்தாகிவிட்டது.

நான் செய்ததைச் சொல்கிறேன். இரவு படுக்கப் போகும் முன் ஒரு சின்னச் சீட்டில் மறுநாள் எழுத வேண்டிய முதல் வரியைப் பென்சிலால் எழுதுவேன். முழு வரி இல்லை, பாதிதான். 'மூன்றாவது அட்டவணையில் தெரியும் சரிவுக்கு முக்கியக் காரணம்' என்று அப்படியே நின்றுவிடும். அந்தச் சீட்டை லேப்டாப்பின் விசைகள் மேல் வைத்து மூடியை மூடிவிடுவேன். காலையில் பல் துலக்கிவிட்டு வந்து மூடியைத் தூக்கினால் முதலில் கண்ணில் படுவது அதுதான். பாதியில் நிற்கும் வரியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது கஷ்டம். காரணம் எனக்குத் தெரியும், அதை எழுதிவிட்டால் போதும் என்று தோன்றும். எழுதியதும் அடுத்த வரி வரும். சில நாள் வராது, அன்று ஒரு வரியோடு சரி. பதினான்கு மாதத்தில் ஒரு பழைய டப்பா நிறையச் சீட்டுகள் சேர்ந்தன. இன்னும் வைத்திருக்கிறேன்.

செல்போனை அணைத்து, வேறு அறையில், நாற்காலி போட்டால்தான் எட்டும் உயரத்தில் வைத்துவிடுவேன். கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு தொடாமல் இருப்பதுதான் மனவுறுதி என்று முன்பெல்லாம் நினைத்திருந்தேன். அது தவறு. 1960களின் இறுதியில் வால்டர் மிஷல் என்பவர் ஸ்டான்ஃபோர்டில் குழந்தைகளை வைத்து நடத்திய மிட்டாய்ச் சோதனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முன்னால் இருப்பதை உடனே தின்னாமல் காத்திருந்தால் இரண்டாகக் கிடைக்கும். அதில் மிட்டாயையே உற்றுப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்த குழந்தைகளால் அதிக நேரம் தாக்குப்பிடிக்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டவர்கள், பாட்டுப் பாடியவர்கள், வேறு எதையோ நினைத்துக்கொண்டவர்கள்தான் நீண்ட நேரம் காத்திருந்தார்கள். மிட்டாயை மூடி வைத்தபோது காத்திருப்பது இன்னும் சுலபமாக இருந்தது.

அந்தச் சோதனையைச் சொல்பவர்கள் வழக்கமாக, காத்திருந்த குழந்தைகள்தான் பிற்காலத்தில் வாழ்க்கையில் ஜெயித்தார்கள் என்று முடிப்பார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் கேட்பவர் மனதில் 'நான் பிறவியிலேயே அந்த ரகம் இல்லை போல' என்ற எண்ணம்தான் தங்கும். 2018இல் சுமார் 900 குழந்தைகளின் தரவை வைத்து வேறு ஆய்வாளர்கள் மறுபடி பார்த்தார்கள். குடும்பப் பின்னணியையும் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு பெரிதும் மங்கிப்போனது. நான்கைந்து வயதில் காத்திருந்ததை வைத்து யாருக்கும் தலையெழுத்து எழுதிவிட முடியாது.

பெரியவர்களை வைத்தும் ஆய்வு உண்டு. வில்ஹெல்ம் ஹாஃப்மன் குழுவினர் ஜெர்மனியில் இருநூறுக்கும் மேற்பட்டவர்களிடம் ஒரு கருவியைக் கொடுத்து, நாள் முழுக்க அவ்வப்போது 'இப்போது எதற்காவது ஆசைப்படுகிறீர்களா, அதை அடக்கிக்கொண்டிருக்கிறீர்களா' என்று கேட்டார்கள். 2012இல் முடிவுகள் வெளிவந்தன. சுயக்கட்டுப்பாடு அதிகம் உள்ளவர்கள் நாளெல்லாம் ஆசையோடு மல்லுக்கட்டியிருப்பார்கள் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் இலக்கோடு மோதும் ஆசைகளே அவர்களுக்குக் குறைவாகத்தான் வந்தன. ஒழுக்கமாக இருக்கிறார் என்று நாம் வியந்து பார்க்கிறவர், பெரும்பாலும் சண்டையே வராதபடி தன் நாளை அமைத்துக்கொண்டவர்.

இனி நீங்கள் இடறுகிற இடத்துக்கு வருகிறேன். ஒரு நாள் தவறினால் எல்லாம் போய்விட்டது என்ற எண்ணம்.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று பரவலாகச் சொல்கிறார்கள். 1960இல் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், தன் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழக குறைந்தது மூன்று வாரம் ஆகிறது என்று எழுதியதிலிருந்து கிளம்பிய பேச்சு அது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி என்ற ஆய்வாளர் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்தார். ஒரு புதுப் பழக்கம் யோசிக்காமலே வரும் நிலையை எட்ட, நடுவிலிருப்பவருக்கு 66 நாள் ஆகும் என்று தெரிந்தது. ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் (பன்னிரண்டு வாரத்தைத் தாண்டும் எண்கள் அந்தத் தரவை வைத்துக் கணித்தவை). அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது, அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைச் சொல்லிக்கொள்ளும்படி பாதிக்கவில்லை. உங்கள் பத்தாம் நாள் ஓட்டை ஓட்டையே இல்லை. அதைப் பார்த்துவிட்டு நீங்கள் எடுத்த முடிவுதான் கப்பலைக் கவிழ்த்தது.

விட்டதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டால் அடுத்த முறை பயம் இருக்கும் என்று நினைக்கிறோம். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு மாணவர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2010இல் வந்தது. முதல் தேர்வுக்குப் படிப்பைத் தள்ளிப்போட்டவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத்தான் தள்ளிப்போட்டார்கள். எனக்கு இது படித்துத் தெரிந்த விஷயம் மட்டும் இல்லை. ஆய்வேட்டின் நடுவில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய், தொடர்ந்து 11 நாள் ஃபைலைத் தொடவில்லை. பழைய நானாக இருந்தால் அதோடு ஒரு வருடம் போயிருக்கும். அந்தப் பதினோராம் நாள் இரவு சீட்டில், 'ஃபைலைத் திற. கடைசிப் பத்தியைப் படி. போதும்' என்று எழுதி வைத்தேன். மறுநாள் காலை அதை மட்டும் செய்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, ஒரு எழுத்துகூட எழுதவில்லை. ஆனாலும் நாட்காட்டியில் அன்றைக்கு ஒரு டிக் போட்டேன். அந்தப் பதினொரு வெற்றுக் கட்டங்களை நிரப்ப முயலவில்லை. விட்ட பாக்கியையும் சேர்த்து அடைக்கிறேன் என்று கிளம்பியதால்தான் முன்பு ஒவ்வொரு முறையும் மூழ்கினேன்.

உங்கள் மூன்று இலக்குகளில் இப்போதைக்குப் படிப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஐந்து மணிக்கு எழுவதை முழுக்க விட்டுவிடுங்கள். அது இலக்கே இல்லை, ஒரு வழி மட்டும்தான். இரவில் தெளிவாகப் படிக்க முடிந்தால் இரவிலேயே படியுங்கள், தூக்கத்தை மட்டும் வெட்டாதீர்கள். உடற்பயிற்சிக்கு, போகிற வருகிற வழியில் கொஞ்சம் நடங்கள். படிப்பு காலூன்றிய பிறகு அதற்கு முறையாகப் பிள்ளையார் சுழி போடலாம். எனக்கும் ஆய்வேட்டுக் காலத்தில் ஒரு மொழி கற்கும் ஆசையும் கிடார் ஆசையும் இருந்தன. இரண்டையும் தேதி போட்டு ஒத்திவைத்தேன். வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டதும் மனதில் அரிப்பு அடங்கியது.

இரண்டு மணி நேரத்தை 20 நிமிடமாக்குங்கள். அதற்கு மேல் படித்தால் லாபம், ஆனால் அன்றைய கணக்கு 20 நிமிடத்திலேயே முடிந்துவிட்டது. தேர்வுத் தேதிக்குள் 20 நிமிடம் போதாதே என்று கேட்பீர்கள். போதாதுதான். ஆனால் உட்கார்ந்தவர் பெரும்பாலும் 20 நிமிடத்தில் எழுந்துவிடுவதில்லை. உட்காராதவருக்கு இரண்டு மணி நேர அட்டவணை இருந்தும் பலன் இல்லை. முதல் இரண்டு வாரம் பாடத்திட்டத்தில் எவ்வளவு முடிகிறது என்று மட்டும் குறித்து வாருங்கள், தேதிக் கணக்கு எதுவும் போட வேண்டாம். உங்கள் உண்மையான வேகம் அதில் தெரியும். அதை வைத்து மீதிப் பாடத்துக்குத் தேதி போட்டு, நான்கில் ஒரு பங்கு நாட்களைச் சும்மா விட்டு வையுங்கள்.

இன்றிரவே ஒரு சீட்டில் நாளைய முதல் கணக்கின் எண்ணையும் பக்கத்தையும் எழுதி, அந்தப் பக்கத்திலேயே செருகிப் புத்தகத்தை மேசை மேல் வைத்துவிட்டுப் படுங்கள். இரண்டு வாரம் கழித்து எத்தனை நாள் உட்கார்ந்தீர்கள், எங்கே சிக்கியது என்று கீழே எழுதுங்கள். சேர்ந்து பார்க்கலாம்.