டீச்சரிடம் கேளுங்கள்: எந்த ஊர், எந்தக் குடி?

கேள்வி: டீச்சர், நான் குருக்கள்மடம். இவர் பருத்தித்துறை. மகளுக்கு 15 வயது, நோர்வேயில் பிறந்தவள். இங்கே மே 17 தேசிய தினத்தில் எல்லோரும் ‘பூனாட்’ என்ற பாரம்பரிய உடுப்புப் போடுவார்கள். ஊருக்கு ஊர் நிறமும் தையலும் வேறு. சிநேகிதியின் அம்மம்மா மகளிடம், “நீ எந்த ஊர் பூனாட் போடுவாய்?” என்று கேட்டாவாம். வீட்டுக்கு வந்து, “அம்மா, நாம எந்த ஊர்?” என்றாள். நான் குருக்கள்மடம் என்றேன். இவர் பருத்தித்துறை என்றார். “அப்ப நான் பேர்கன்” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டாள். முந்தின வருடம் ஊருக்குப் போனபோது கோயில் வாசலில் ஒரு கிழவி, “என்ன குடி புள்ள?” என்று கேட்டதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. நானும் இவரும் 2008-ல் நோர்வே குடியுரிமை எடுத்தோம். அவளுக்கு நான் என்ன சொல்ல?
— ஒரு தாய், பேர்கன்

பதில்: கிழவியில் இருந்து தொடங்குவோம், மகளே. அவ கேட்டது சாதியை அல்ல. எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் ஒரே சாதிக்குள்ளேயே உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி, பணிக்கனா குடி என்று பல குடிகள் உண்டு. ஒரே குடிக்குள் பெண் எடுப்பதில்லை, கொடுப்பதில்லை. குடி தாயிடம் இருந்து பிள்ளைக்கு வரும். தகப்பன் எந்தக் குடி என்றாலும் பிள்ளைக்கு ஒட்டாது. ஆக, கிழவியின் கணக்கில் உங்கள் மகள் குருக்கள்மடத்துப் பிள்ளை. பருத்தித்துறைத் தம்பி என்னைக் கோபிக்கக் கூடாது. வழக்கைச் சொன்னேன், அவ்வளவுதான்.

உங்கள் குடி எதுவென்று கண்டுபிடிக்க ஒரு சுருக்கு வழி இருக்கிறது. ஊரில் இருக்கும் பெரியம்மாவுக்கோ சின்னம்மாவுக்கோ கோல் எடுத்து, “அம்மா கோயில்ல எத்தனையாம் திருவிழாவுக்குக் காசு குடுத்தவ?” என்று கேளுங்கள். பல கோயில்களில் திருவிழா நாட்கள் குடிக்குக் குடி பிரித்துத்தான் இருக்கின்றன. நாள் தெரிந்தால் குடி தெரிந்த மாதிரி. “என்ன குடி” என்று நேரே கேட்டால், “இப்ப என்னத்துக்குப் புள்ள அது, சம்பந்தம் பேசுறயா?” என்று அவ கிளறத் தொடங்கிவிடுவா.

மகளுக்குச் சொல்லும்போது மறைக்காமல் சொல்லுங்கள். கோயிலில் முதல் மரியாதை எந்தக் குடிக்கு என்று அடிபட்டு நீதிமன்றம் வரை போனவர்களும் நாங்கள்தான். ‘உசந்த குடி’ என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்களை என் வகுப்பறையிலேயே கண்டிருக்கிறேன். 9 வயதுப் பிள்ளை அது. வீட்டில் யாரோ சொல்லிக் கொடுத்துத்தானே அனுப்பியிருப்பார்கள்? பெருமையை மட்டும் பார்சல் பண்ணி அனுப்பினால் அவள் ஒருநாள் தானாகவே தேடிப் படித்துவிட்டு உங்களைக் கேள்வி கேட்பாள்.

இனிக் கடதாசிக் கதை. இது எனக்கும் சுட்ட கதை. 1948-ம் ஆண்டின் 18-ம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வம்சாவழிக் குடியுரிமையைத் தகப்பன் வழியாகத்தான் கொடுத்தது. என் மூத்த மகள் சுவிஸ்காரர் ஒருவரை முடித்தவள். 2000-ல் பேத்தி பிறந்தாள். மகள் அப்போது இலங்கைப் பிரஜை. பிள்ளையைப் பதிய ஒரு கந்தோருக்குப் போனாள். யன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் படிவத்தை நிமிர்ந்தும் பார்க்காமல், “தகப்பன் இலங்கையரா?” என்று கேட்டாராம். இல்லை என்றதும் படிவத்தைத் திருப்பித் தள்ளிவிட்டார். இரவு கோலில் சொல்லி அழுதாள். அரை இறாத்தல் கோபம் எனக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது. பிள்ளை யாருடையது என்று தாயை வைத்து எண்ணுகிற ஊரில் பிறந்தவளிடம் தகப்பனின் கடதாசியைக் கேட்டார்கள்.

2003-ல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது தாய், தகப்பன் இருவரில் ஒருவர் இலங்கைப் பிரஜை என்றால் போதும். வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளையை ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும், பிந்தினால் அனுமதி கேட்க வேண்டும். உங்கள் விடயத்தில் சிக்கல் வேறு. இன்னொரு நாட்டின் குடியுரிமையை எடுத்ததோடு எங்கள் சட்டப்படி இலங்கைக் குடியுரிமை போய்விடும். மகள் பிறக்கும்போது நீங்கள் இருவருமே இலங்கைப் பிரஜைகள் இல்லை. நோர்வே 2020 ஜனவரி 1-ல் இருந்து இரட்டைக் குடியுரிமைக்கு இடம் கொடுக்கிறது. இலங்கையில் அதற்கான ஏற்பாடு 1987-ல் வந்தது. 2011-ல் நிறுத்தினார்கள், 2015-ல் மறுபடி திறந்தார்கள். ஆகவே நீங்கள் விண்ணப்பிக்கலாம். கட்டணமும் தகைமையும் மாறிக்கொண்டே இருப்பதால், மகளையும் சேர்க்க முடியுமா என்பதைத் தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் அறிந்து வையுங்கள்: இரட்டைக் குடியுரிமைக்காரர் இங்கே பாராளுமன்றத்துக்குப் போக முடியாது. 2022-ல் வந்த 21-ம் திருத்தம் அந்தக் கதவை மறுபடி அடைத்துவிட்டது. உங்களுக்கு அந்த எண்ணம் இருக்காது என்று நம்புகிறேன்.

பூனாட்? பேர்கன் பக்கத்துப் பூனாட்டையே தைத்துக் கொடுங்கள். பிறந்த ஊர் அதுதானே. அடுத்த வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குக்குக் கூட்டி வாருங்கள். அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி அன்று அதே கிழவி வாசலில் இருப்பா. இந்த முறை மகளே பதில் சொல்லட்டும்.

கேள்வி: தம்பிலுவில்லில் இருக்கும் வீடு நான் ஸ்காபரோவில் இரண்டு வேலை செய்து கட்டியது. காணி உறுதி தங்கச்சி பெயரில், சீதனமாகப் போனது. இப்போது எனக்கு 58. வருடத்தில் நாலு மாதம் ஊரில் இருக்கலாம் என்று பார்த்தால், என் வீட்டில் நான் விருந்தாளி. மச்சான் நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் மனம் கேட்குதில்லை. சட்டப்படி ஏதும் செய்யலாமா?
— ஒரு அண்ணன், கனடா

பதில்: தம்பி, நீங்கள் கேட்கக் கூடாத ஆளிடம் கேட்டுவிட்டீர்கள். நான் அந்தத் தங்கச்சியின் கட்சி. களுவாஞ்சிக்குடியில் நான் இருக்கும் வீடும் என் தம்பி கட்டித் தந்ததுதான்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து புகுவார். ஆண்பிள்ளை தன் சகோதரிக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, இன்னொருவன் தன் சகோதரிக்குக் கட்டிய வீட்டில் போய்ப் படுப்பான். அந்தக் காலத்தில் இந்தச் சுற்று ஊருக்குள்ளேயே முடிந்துவிடும். ஐந்து வளவு தள்ளிப் போனவன் பின்னேரம் தாய் வீட்டில் வந்து தேத்தண்ணி குடிப்பான். நீங்கள் கட்டிக் கொடுத்துவிட்டு ஸ்காபரோவுக்குப் போய்விட்டீர்கள். உங்கள் மனைவியின் வீடு எது? அங்கே வாங்கியதா? அப்படியென்றால் ஊரில் உங்களுக்கென்று புகுந்த வீடே இல்லை. மனம் கேட்காதது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

சட்டம் சுருக்கம். உறுதி தங்கச்சி பெயரில் என்றால் வீடு தங்கச்சியுடையது. காசு அனுப்பிய துண்டுகளைக் கட்டி வைத்திருந்தாலும் நொத்தாரிசிடம் கொண்டுபோக வேண்டாம். வேறு காணி வாங்க நினைத்தால், 2014-ம் ஆண்டின் 38-ம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜைக்குக் காணி கைமாற்ற முடியாது. பரம்பரையாக வருவதற்குத் தடை இல்லை. இரட்டைக் குடியுரிமை இருந்தாலும் வாங்கலாம். முதலில் அந்தக் கடதாசியைப் பாருங்கள்.

என் தம்பி 1991-ல் போனவன். 20 வருடம் கழித்து வந்தான். முதல் இரவு ஒரு மணி இருக்கும், இருட்டில் ஏதோ தட்டுப்படும் சத்தம். எழும்பிப் போனால் அவன் விறாந்தைச் சுவரைக் கையால் தடவிக்கொண்டு நிற்கிறான். “அக்கா, சுவிச்சு எங்க?” என்றான். ஒவ்வொரு மூடை சீமெந்துக்கும் கணக்குக் கேட்டு அனுப்பியவனுக்குத் தன் வீட்டில் லைட் போடத் தெரியவில்லை. நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் பின்பக்க அறையை ஒதுக்கினேன். அதில் என் கணவரின் நெல்லு மூடைகள் கிடந்தன. அவருக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனால் தூக்கினார். திறப்பு ஒன்று வெட்டித் தம்பியிடம் கொடுத்தோம். அவன் போனபிறகும் அந்த அறையில் யாரும் படுப்பதில்லை. போகும்போது ஒன்று கேட்டான்: “அக்கா, சோலைவரிய நான் கட்டுறன்.” இன்றைக்கும் ஒவ்வொரு வருடமும் அனுப்புகிறான். நான் பிரதேச சபையில் கட்டிவிட்டு, பற்றுச்சீட்டை வட்ஸ்அப்பில் போடுவேன். சீட்டில் என் பெயர்தான் இருக்கும். அவனுக்கு அது போதுமாக இருக்கிறது. உங்களுக்குப் போதுமோ தெரியாது. தங்கச்சியிடம் ஒரு அறை கேட்டுப் பாருங்கள். விருந்தாளிதான் கேட்கக் கூச்சப்படுவான்.

கேள்வி: நான் அக்கரைப்பற்று. டோகாவில் 17 வருடம். இங்கே எத்தனை வருடம் இருந்தாலும் குடியுரிமை கிடைப்பது அரிது. ஊருக்குப் போனால் ‘கட்டார் காக்கா’ என்கிறார்கள். என் சாச்சாவின் மகன் லண்டனில் எட்டு வருடத்தில் பாஸ்போர்ட் எடுத்துவிட்டு, “நான் புலம்பெயர்ந்தவன், நீ வேலைக்குப் போனவன்” என்கிறான். அப்படியா டீச்சர்?
— ஒரு வாகனச் சாரதி

பதில்: உங்கள் சாச்சாவின் மகனுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் வித்தியாசம் இருப்பது உண்மை. அவருக்குத் திரும்பாமல் இருக்க உரிமை கிடைத்துவிட்டது. உங்களுக்கு அது கிடைப்பது அரிது. அதனால் 17 வருடமும் பெட்டியைக் கட்டி வைத்தபடி வாழ்ந்திருப்பீர்கள். உங்கள் கையில் இருப்பது முழு இலங்கைப் பாஸ்போர்ட், ஆனால் தேர்தல் நாளில் டோகாவில் இருந்து வாக்குப் போட வழி இல்லை. காசு அனுப்பலாம், வாக்கு அனுப்ப முடியாது. இதைப் பற்றி உங்களைப் போன்றவர்கள் இன்னும் கொஞ்சம் சத்தம் போடலாம் என்பது என் எண்ணம்.

‘கட்டார் காக்கா’ என்பதில் கட்டாரை விட்டுவிட்டு, அண்ணன் என்ற அந்தக் காக்காவைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேலே பேர்கன் தாய்க்கு எழுதிய குடிக் கதையையும் வாசியுங்கள். அது உங்கள் ஊர் முஸ்லிம்களுக்கும் பொதுவானது. பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயர்மாரைக் குடி பார்த்துத் தெரிந்தெடுத்த வழக்கம் உங்கள் மூத்தவர்களுக்குத் தெரியும். உங்களுக்கும் உங்கள் உம்மாவின் குடிதான். அதற்கு விசா இல்லை.

கேள்வி: வெளிநாட்டார் கோயிலுக்குக் காசு கொடுத்துப் பெயரைக் கல்லில் வெட்டுகிறார்கள். திருவிழா முடிய அடுத்த பிளேனில் ஓடுகிறார்கள். இவர்கள் எல்லாம் ஊராரா?
— ஆரையம்பதி வாசகர்

பதில்: கல்லில் பெயர் எனக்கும் பிடிக்காது. அதிலும் மணிக்கூண்டில் ஒன்று, கிணற்றுக் கட்டில் ஒன்று, தண்ணீர்த் தாங்கியில் ஒன்று என்றால் சாமி பெயரைத் தேட வேண்டியிருக்கிறது. ஆனால் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாவலடியிலும் கல்லடியிலும் பிணம் எடுத்துக்கொண்டிருந்த கிழமையில், எங்கெங்கோ இருந்து வந்த காசில்தான் என் பள்ளிக்கூட முகாமில் முதல் பானை அடுப்பில் ஏறியது. அனுப்பியவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அவர்கள் ஊரார்தான், ஐயா.

கேள்வி: என் மகன் “மறுகா வாறன்”, “அயத்துப் போச்சு” என்று பேசினால் இங்கே லண்டன் தமிழ்ப் பள்ளியில் சிரிக்கிறார்கள். திருத்தவா?
— கல்முனைத் தாய்

பதில்: சிரிப்பவர்களைத் திருத்துங்கள். ‘மறுகால்’ என்றால் இன்னொரு தரம். அதுதான் தேய்ந்து ‘மறுகா’. ‘அயர்த்தல்’ என்றால் மறத்தல், அகராதியைத் திறந்தால் இருக்கும். யாழ் நூல் எழுதிய விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவு உங்களுக்குப் பக்கத்து ஊர் என்பதையும் அந்த ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். ‘கிறுகி வா’ (திரும்பி வா), ‘வெள்ளாப்பு’ (விடியற்காலை) இரண்டையும் மகனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டீர்களா? இல்லை என்றால் இன்றைக்கே.

கேள்வி: ஆவணியில் பிள்ளைகளோடு வருகிறோம். பாடும் மீன் உண்மையில் பாடுமா? எங்கே கேட்கலாம்?
— சுவிஸ் வாசகர்

பதில்: மீன் அல்ல, ஊரி என்ற நத்தைதான் பாடுகிறது என்பார் சிலர். இரண்டு கட்சியும் இன்னும் வாதாடுகின்றன. பூரணையை ஒட்டிய இரவில் மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பழைய பாலத்துக்குக் கிட்ட, சத்தம் அடங்கிய பிறகு தோணியில் போங்கள். துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறு நுனியைக் காதில் வையுங்கள். புதுப் பாலத்தில் வாகனம் ஓடினால் ஒன்றும் கேட்காது, கொஞ்சம் பொறுத்திருங்கள். பிள்ளைகளுக்கு நீளக் கை சட்டை போட்டுக் கூட்டிப் போங்கள். வாவிக்கரை நுளம்பு சுவிஸ் பாஸ்போர்ட் பார்ப்பதில்லை.