தொப்புள்கொடி இரத்தம் தலசீமியா உள்ள மூத்த மகனுக்கு உதவுமா?

பிறக்கப்போகும் குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்திலுள்ள, புதிய இரத்தத்தை உருவாக்கும் செல்கள், தலசீமியா (பரம்பரையாக வரும் இரத்தச்சோகை நோய்) உள்ள மூத்தவனுக்கு உதவக்கூடும், ஆனால் அந்த இரத்தத்தைப் பணம் வாங்கிச் சேமித்து வைக்கும் வங்கியின் முகவர் குடியாத்தத்தில் உங்களிடம் சொன்ன காரணத்தால் அல்ல. பிறக்கப்போகும் குழந்தைக்கும் தலசீமியா இருந்தால் அதன் சொந்தத் தொப்புள்கொடி இரத்தமே அதைக் குணமாக்கும் என்று அவர் சொன்னது தவறு, ஏனெனில் அந்தச் செல்களிலும் அதே மரபணுக் குறைதான் இருக்கும்.

நீங்கள் இருவரும் நோய்க் கடத்திகள் (நோய் இல்லாமல் அதன் மரபணுவைச் சுமப்பவர்கள்) என்பதால், அடுத்த குழந்தைக்கு நோய் இல்லாதிருக்கும் வாய்ப்பு நான்கில் மூன்று, மூத்தவனுடன் எச்.எல்.ஏ. (மாற்று சிகிச்சைக்குப் பொருந்த வேண்டிய திசு வகை) முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இரண்டும் கூடிவருவது 16இல் 3 தான். முகவர்கள் இந்தக் கணக்கைப் பற்றிப் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை.

பணம் கட்டுமுன் இவற்றைச் செய்யுங்கள்:

1. மூத்தவனுக்கு எச்.எல்.ஏ. பரிசோதனையை இப்போதே எடுத்து வையுங்கள்.

2. கர்ப்பத்தின் 11, 12ஆம் வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுப் பரிசோதனை செய்தால் கருவுக்கு நோய் உண்டா என்பது தெரியும்.

3. 1986 முதல் தலசீமியாவுக்கு எலும்பு மச்சை (எலும்புக்குள் இரத்தம் உருவாகும் திசு) மாற்று செய்துவரும் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் இரத்தவியல் மருத்துவர்களிடம் சேமிப்பு தேவையா என்று கேளுங்கள்.

சேமித்த பையிலுள்ள செல்கள் மூத்தவனின் எடைக்குப் போதாமல் போவதும் உண்டு. பொருந்தும் குழந்தை சற்று வளர்ந்தபின் அதன் எலும்பு மச்சையையே எடுக்கலாம் என்பதால், சேமிக்காவிட்டால் எல்லாம் கைநழுவிவிடும் என்ற அச்சம் வேண்டாம்.

அதுவரை, அடிக்கடி இரத்தம் ஏற்றுவதால் மூத்தவனின் உடலில் சேரும் இரும்புச்சத்தைக் குறைக்கும் மருந்தை நிறுத்தாதீர்கள். அந்த இரும்பு தேங்கிக் கல்லீரல் கெட்டால் மாற்று சிகிச்சையின் ஆபத்து கூடிவிடும்.