ஊதாக் கோடும் புரோட்டானும்

கேள்வி: கனடா எட்மண்டனில் இருக்கும் என் மகள், வானத்தில் மெல்லிய ஊதாக் கோடு ஒன்றைப் படம் பிடித்து அனுப்பினாள். 'இது புரோட்டான் அரோரா' என்கிறாளாம் அவள் தோழி. அப்படியென்றால் என்ன சார்?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: படம் அருமையாகத்தான் இருக்கும் அம்மா, பெயர்தான் தப்பு. தோழியைக் குறை சொல்லாதீர்கள். அரோரா என்பது விண்வெளித் துகள்கள் காற்றில் மோதி, துருவப் பக்கத்து வானில் உண்டாக்கும் ஒளி; அது புரோட்டான்களால் வந்தால் புரோட்டான் அரோரா. எட்மண்டன் இருக்கும் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ராத்திரி முழுக்க அரோராவைத் துரத்திப் படமெடுப்பவர்களே அதை 'புரோட்டான் வில்' என்றுதான் சொல்லிவந்தார்கள். கால்கரி பல்கலைக்கழகத்தின் எரிக் டோனவன்தான் மறுத்தார். அதற்கு இப்போது 'ஸ்டீவ்' என்று பெயர். மேற்கு நோக்கி வினாடிக்கு 6 கி.மீ. வேகத்தில் ஓடும் சூடான வாயு நாடா அது.

நிஜ புரோட்டான் அரோரா ஏன் கோடாகத் தெரியாது? பூமியின் இரவுப் பக்கத்தில் காந்தப்புலம் வாலாக நீண்டு கிடக்கிறது. துணைப்புயல் என்னும் காந்தக் குமுறல் வந்தால் அந்த வால் விறைத்து இழுபட்டு, சட்டென்று சுருங்கி, எலக்ட்ரான்களையும் புரோட்டான்களையும் பூமிப் பக்கம் தள்ளும். மின்னூட்டம் உள்ள துகள் கட்டிப்போட்ட மாடு மாதிரி. காந்தக் கோட்டைச் சுற்றிச் சுற்றித்தான் துருவத்தில் இறங்கும். எலக்ட்ரான் ஒழுங்காக அப்படி இறங்குவதால்தான் அரோராவில் திரைச்சீலை மடிப்புகள்.

புரோட்டான் திருட்டு மாடு. காற்றில் ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கி ஹைட்ரஜன் அணுவாகிவிடும். மின்னூட்டம் போனால் கயிறும் போச்சு! போகிற திசையில் நேரே ஓடும். மறுபடி மோதி அந்த எலக்ட்ரானை இழந்தால், அங்கே வேறொரு முளையில் கட்டுண்ணும். இப்படி அவிழ்ந்து அவிழ்ந்து, மெல்லிய கற்றையாக வந்ததுகூடப் பல நூறு கிலோமீட்டருக்குச் சிந்திவிடும். வெறுங்கண்ணுக்குப் பெரும்பாலும் பிடிபடாது.

ஆனால் ஹைட்ரஜன் வேஷத்தில் இருக்கும்போது மாட்டிக்கொள்ளும். நான் கல்லூரி இருட்டறையில் ஹைட்ரஜன் குழாயை எரியவிட்டு, 656.3 நானோமீட்டர் சிவப்புக் கோட்டை வருஷாவருஷம் பிள்ளைகளுக்குக் காட்டியவன். அந்த ஹைட்ரஜனின் ஒளியை 1939-ல் நார்வேயின் லார்ஸ் வேகார்ட் அரோராவில் கண்டார். 1950-ல் அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் ஏடன் மைனல், சிவப்புக் கோடு நீலப் பக்கம் நகர்ந்திருப்பதைப் பார்த்தார். ரயில் நெருங்க நெருங்க ஹாரன் கீச்சென்று கேட்கிறதே, அதே கணக்குதான். வினாடிக்குச் சுமார் 3,000 கி.மீ. வேகத்தில் அணுக்கள் நம்மை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தன!

மகளிடம் சொல்லுங்கள், ஸ்டீவை பிரேம் போட்டு மாட்டட்டும். புரோட்டான்தான் வேண்டுமென்றால், ஹைட்ரஜனின் இன்னொரு கோடான 486.1 நானோமீட்டர் ஒளியை மட்டும் விடுகிற பில்டர் வாங்கவேண்டும். விலையைக் கேட்டுவிட்டு என்னைத் திட்டக்கூடாது.