கை கியர் நடுவில் இறுகினால் என்ன செய்வது?

கேள்வி: என்னிடம் இருப்பது 1970 செவர்லே சி-10 பிக்கப். 3 கியர், லிவர் ஸ்டியரிங்கிலேயே இருக்கிறது. ஃபர்ஸ்டிலிருந்து செகண்டுக்குச் சற்று வேகமாக மாற்றினால் லிவர் பாதியில் இறுகி, எந்தப் பக்கமும் போக மறுக்கிறது. பானட்டைத் திறந்து கீழே உள்ள கம்பிகளை அசைத்தால் விடுபடுகிறது. கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டுமா?
— ஒரு வாசகர், டெக்சாஸ்

பதில்: இப்போதைக்கு இறக்காதீர்கள். கம்பியை அசைத்ததும் விடுபடுகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் வெளியே, இணைப்புக் கம்பிகளில்தான் இருக்கும்.

நம்மூரில் பழைய அம்பாசடர் ஓட்டியவர்களுக்குக் கை கியர் பழக்கமானதுதான். உங்கள் வண்டியில் ஸ்டியரிங் தண்டின் அடியில் இரண்டு குட்டி லிவர்கள் இருக்கின்றன. ஒன்று ஃபர்ஸ்ட்-ரிவர்ஸுக்கு, மற்றது செகண்ட்-டாப்புக்கு (டாப் என்றால் மூன்றாவது கியர்). இவற்றிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் இணைப்புக் கம்பிகள்தான் ராடுகள். கை லிவரை உங்கள் பக்கம் இழுத்தால் தண்டின் உள்ளே உள்ள நாக்கு முதல் லிவரைப் பிடிக்கும். விட்டால் இரண்டாவதைப் பிடிக்கும். ஒன்றிலிருந்து மற்றதற்கு நாக்கு தாவ வேண்டுமென்றால் இரண்டு லிவர்களிலும் உள்ள வெட்டுப் பள்ளங்கள் நியூட்ரலில் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். ராடு முனைகளில் உள்ள புஷ் (தேயக்கூடிய சிறு உறை) தேய்ந்துவிட்டால் கை லிவர் நியூட்ரலுக்கு வந்துவிடும், ஃபர்ஸ்ட் லிவர் முழுதாகத் திரும்பியிருக்காது. அந்த நிலையில் வேகமாகத் தள்ளினால் நாக்கு இரண்டு வெட்டிலும் பாதிப் பாதி மாட்டிக்கொள்ளும். இரண்டு கியர் ஒரே சமயத்தில் விழாதபடி கியர்பாக்ஸில் உள்ள தடையும் விட்டுக்கொடுக்காது. அதனால்தான் இறுகுகிறது. கை பலத்தில் உடைத்துத் தள்ளினால் நாக்குதான் மழுங்கும்.

சந்தேகம் தீர ஒரு சோதனை. இன்ஜினை அணைத்து, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, பார்க்கிங் பிரேக் போடுங்கள். கியர்பாக்ஸ் பக்கம் இரண்டு ராடுகளையும் கழற்றிவிட்டு, அங்குள்ள லிவர்களைக் கையாலேயே நகர்த்துங்கள். நடுவில் நியூட்ரல், இருபுறமும் ஒவ்வொரு கியர். மூன்று நிலையிலும் 'டக்'கென்று தெளிவாக உட்கார்ந்தால் கியர்பாக்ஸின் மாற்றும் பகுதி நன்றாகவே இருக்கிறது. அதே நேரம் கை லிவரையும் அசைத்துப் பாருங்கள். ராடு இல்லாமலே கனமாக இருந்தால் தண்டுக்குள் பழைய கிரீஸ் காய்ந்து பிசினாகியிருக்கிறது; சுத்தம் செய்து புது கிரீஸ் போட வேண்டும்.

ராடுகளை மாட்டிவிட்டு, உள்ளே ஒருவரை உட்கார வைத்து லிவரைச் சிறிதளவு ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் டார்ச்சுடன் கீழிருந்து பாருங்கள். லிவர் அசைந்தும் ராடு அசையாத இடம்தான் தேய்ந்த இடம். கழற்றினால் வட்டத் துளை முட்டை வடிவமாகியிருக்கும். ராடின் வளைந்த முனையில் நகம் மாட்டும் ஆழத்துக்குப் பளபளவென்று பள்ளம் விழுந்திருக்கும். ஒரு ராடுக்கு 2 முனை. முனைக்கு 1 மி.மீ. ஆட்டம் என்றாலே மொத்தம் 2 மி.மீ. புஷ், குரோமெட் (ரப்பர் வளையம்), வாஷர், கிளிப் எல்லாவற்றையும் ஒன்றாகவே மாற்றிவிடுங்கள். பள்ளம் விழுந்த ராடில் புது புஷ் போட்டால் சீக்கிரமே பழைய கதைதான். முனையை வெல்டால் நிரப்பி அரத்தால் உருட்டுங்கள், இல்லையேல் ராடையே மாற்றுங்கள்.

பலர் புஷ்ஷை மாற்றாமல் நட்டைத் திருகி அட்ஜஸ்ட் செய்கிறார்கள். அது வீண் வேலை. தேய்மானத்தை நீக்கிய பிறகே அட்ஜஸ்ட்மென்ட். கியர்பாக்ஸின் இரு லிவர்களையும் நியூட்ரலில் வையுங்கள். ராடுகளைப் பிடிக்கும் சுழல் கிளாம்ப் நட்டுகளைத் தளர்த்துங்கள். தண்டின் அடியில் உள்ள லிவர்களின் துளைகளை நேராக்கி, இறுக்கமாகப் பொருந்தும் டிரில் பிட் ஒன்றைச் செருகுங்கள்; 3/16 அங்குலம் பொதுவாகப் பொருந்தும். ராடை இழுக்காமலும் தள்ளாமலும், அது நிற்கிற இடத்திலேயே நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது கிளாம்ப் திரும்பினால் அளவு போய்விடும், ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். டிரில் பிட்டை எடுத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள்.

இதற்கு மேலும் டாப் கியர் தானாக வெளியே குதித்தால் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டைப் பாருங்கள். ஸ்டியரிங் தண்டு கேபினோடு நிற்கிறது, கியர்பாக்ஸ் இன்ஜினோடு ஆடுகிறது. ரப்பர் கிழிந்திருந்தால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ராடு இழுபடும். ரிவர்ஸ் போடும்போது மட்டும் 'கர்ர்' என்றால் அது ராடு கோளாறல்ல, கிளட்ச் முழுதாக விடவில்லை. பெடலில் சுமார் 1 அங்குலம் வெற்று ஓட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதுவரை வழியில் இறுகினால் இன்ஜினை அணைத்து, சக்கரம் உருளாதபடி செய்து, கிளட்சை மிதிக்கச் சொல்லி, இரண்டு குட்டி லிவர்களையும் கையால் ஒரே கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். சுத்தியல் வேண்டாம்.

கேள்வி: வில்லிஸ் ஜீப் பிக்கப், டி-90 கியர்பாக்ஸ், ஃப்ளோர் கியர் (கியர் குச்சி தரையில்). மேல் மூடியைப் பிரித்துச் சேர்த்த பிறகு ஒருமுறை இரண்டு கியர் சேர்ந்து விழுந்து வண்டி அசையவே இல்லை. ஏன்?

பதில்: மூடிக்குள் கியரை நகர்த்தும் இரண்டு ஷிஃப்ட் ராடுகளுக்கு நடுவே ஒரு குட்டித் தடுப்புப் பின் இருக்கும். பிரிக்கும்போது அது கீழே உருண்டு போவது சகஜம். ராடை அதன் நிலையில் பிடித்து நிறுத்தும் பந்தையும் ஸ்பிரிங்கையும் தேடி எடுப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் ஒரு ராடு கியரில் இருக்கும்போதே மற்றதும் நகரும். கியர் குச்சியின் அடிமுனையும் தேய்ந்திருந்தால் இரண்டு ராடுக்கும் நடுவே வழுக்கும், அதையும் பாருங்கள். மூடியை வண்டியில் ஏற்றுவதற்கு முன், மேசையிலேயே ஒரு ராடைக் கியர் நிலைக்குத் தள்ளிவிட்டு மற்றதை அழுத்திப் பாருங்கள். அது நகரக் கூடாது. நகர்ந்தால் மூடியைத் திரும்பப் பிரியுங்கள்.